மிஷினுக்குப் புதுக்கயிறு

எலப்புள்ளி மோகனசுந்தரத்துக்கு மூன்று மாதமாக மத்தியானத் தூக்கத்தில் ஓட்டைகள் வந்துகொண்டிருந்தன. இட்லியில் ஓட்டை, புளியம்பழத்தில் ஓட்டை. ஒருநாள் முழு நிலாவின் நட்டநடுவில் அரை இஞ்சுக்குச் சுத்தமாக ஓர் ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் மோர் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு குண்டாவை வைக்கலாம் என்று எழுந்தவர், கட்டிலிலிருந்து கீழே விழுந்துதான் விழித்தார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கஞ்சிக்கோட்டில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் அவர் ஓட்டைதான் போட்டார். பம்பின் மூடிக்கு நான்கு ஓட்டை. காலையில் நான்கு நான்காக ஆரம்பித்தால் சாயங்காலம் சங்கு ஊதும்வரை நான்கு நான்காகவே போகும். எங்கே போடுவது என்று யோசிக்கிற வேலைகூட இல்லை. ஜிக் என்று ஓர் இரும்புச் சட்டம் உண்டு. மூடியை அதற்குள் வைத்தால் ஓட்டை விழவேண்டிய இடத்தை அதுவே காட்டிவிடும். மனிதன் கைப்பிடியை இழுத்தால் போதும், பிட்டு என்கிற துளையூசி இறங்கிவிடும்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் கம்பெனியைப் பூட்டி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அதை மாட்ட ஆணியைச் சுவரில் எந்த இடத்தில் அடிப்பது என்று தெரியாமல் அவர் அரைநாள் சுத்தியலோடு நின்றதை அவருடைய மனைவி நாச்சம்மாள் இன்றைக்கும் ஒறம்பரைச் சொந்தங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கடிகாரம் கடைசியில் பீரோவின் தலையில் மல்லாந்து படுத்து, கூரைக்கு மணி காட்டிக்கொண்டிருந்தது.

“இருபத்தாறு வருசம் அடுத்தவன் சொன்ன எடத்துல ஓட்டை போட்டேன், நாச்சி. இனி எனக்குத் தோணற எடத்துல போடோணும். ஊட்டுலயே ஒரு பட்டறை.”

“போடுங்க. மொதல்ல உங்க மண்டையில ஒண்ணு போட்டுப் பாருங்க. சித்த காத்தோட்டமா இருக்கும்.”

பட்டறைக்கு இருந்த ஒரே இடம் மாட்டுக் கட்டுத்தரை. சித்திரையில் ராசாத்தி என்கிற பசு செத்தபிறகு அது காலியாகக் கிடந்தது. பத்தொன்பது வருஷம் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய நாச்சம்மாள், இப்போதும் விடிகாலையில் எழுந்து கட்டுத்தரையை ஒருமுறை கூட்டிவிட்டு, கறக்க ஒன்றுமில்லாமல் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்புவாள். அவளுடைய அண்ணன் கொழிஞ்சாம்பாறையில் அவளுக்காக ஒரு கெடேரியை நிறுத்தி வைத்திருந்தார். அவள் புதுக்கயிறுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் கௌசிகா, போனில் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழைய ட்ரில்லிங் மிஷின் விற்பனைக்கு. ஆள் உயரம், பாசிப்பச்சை நிறம், வயிற்றில் 1948 என்று வார்ப்பெழுத்து. அடியில் மகள் எழுதியிருந்தாள்: ‘அப்பா, இது அப்படியே உங்களை மாதிரியே இருக்கு. கனமா, சும்மா நின்னுட்டு.’

மோகனசுந்தரம் அந்தப் படத்தை மூன்றுநாள் பார்த்தார். நான்காம் நாள் நாச்சம்மாள் போனைப் பிடுங்கிவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“கேட்டுக்குங்க. நானும் கூட வருவேன். புடிச்சாத்தான் வாங்கறது. வாங்கியாந்தா அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள அது ஓடோணும். ஓடலீன்னா அந்த எழவு இரும்பைத் தூக்கி அக்கட்டால வெச்சுட்டு, எங்கண்ணன் ஊட்டுக் கெடேரியைக் கொண்டாந்து கட்டிப்போடுவேன். ரெண்டுக்கும் அங்க எடமில்லை.”

சனிக்கிழமை விடியற்காலையில் ரிஜினின் மினி லாரியில் கிளம்பினார்கள். ரிஜினுக்கு நாற்பது வயது, முதுகெலும்பில் தேய்மானம். “வண்டி ஓட்டும், லோடு தொடமாட்டேன் சேட்டா, டாக்டர் சொல்லியிட்டுண்டு” என்று வாடகை பேசும்போதே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். நாச்சம்மாளின் மடியில் ஒரு பை. அதில் தக்காளிச் சாதம், தண்ணீர், கெடேரிக்கு வாங்கிய புதுக்கயிறு.

“கயிறு எதுக்கு?”

“லோடு கட்டத்தான். பின்னெ, மூக்கணாங்கயிறா போடப்போறேன்?”

பொள்ளாச்சி, உடுமலை கடந்து சின்னாறுக் காட்டில் நுழைந்தபோது வெயில் முள்மரங்களின் மேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மறையூரில் கரும்புப் பாகு காய்ச்சுகிற வாசனை கண்ணாடியை ஏற்றிய பிறகும் வண்டிக்குள்ளேயே இருந்தது. அதற்கு மேலே ஒரு வளைவு திரும்பியதும் யாரோ வேட்டியை விரித்த மாதிரி மஞ்சு இறங்கிவிட்டது. தேயிலைச் சரிவும் ரோடும் எல்லாம் போய், வண்டியின் மூக்கு மட்டும் மிச்சம். மோகனசுந்தரத்துக்குத் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியவில்லை. மஞ்சில் அங்கங்கே விழுந்த ஓட்டைகளில் ஒரு மரம், ஒரு கோயில் மணி, ஒரு பெண்ணின் கூடை என்று வந்து வந்து மறைந்தன. ‘இதை எந்தப் பிட்டில் போட்டிருப்பான்?’ என்று நினைத்துக்கொண்டார்.

எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டு வாசலில் செல்லத்துரை தலையில் துண்டோடு நின்றிருந்தார். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து போன மாதம் ரிட்டயர் ஆனவர். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை காலி செய்துகொண்டு திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறார்கள்.

“மூணாவது மாடி சார். நாங்க ரெண்டு பேரு ஏறுததே பெரும்பாடு. இதத் தூக்கிட்டு எங்கன ஏற?” என்றார், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே.

“ஏறுனாலும் நான் விடமாட்டேன்” என்று உள்ளிருந்து அவருடைய மனைவி முத்துப்பேச்சியின் குரல் வந்தது. “எங்கூட்டு மாவாட்டுத கிரைண்டரப் பிரிச்சு, அந்த மோட்டாரப் புடுங்கி இதுக்கு மாட்டுன மனுசன் இவுக. பதினோரு வருசமா நான் ஆட்டுரல்ல ஆட்டுதேன். கேட்டா, மெசினு பாவம்ங்காக.”

வீட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த சாய்ப்பில் மிஷின் நின்றது. ஃபேக்டரியில் ஓரங்கட்டியதைச் செல்லத்துரைதான் ஏலத்தில் எடுத்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். லயத்தில் பாத்திரப் பிடி, கதவுக் கீல், குடைக்கம்பி எது என்றாலும் இங்கேதான் வரும். பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்கு மேலே, கழுத்து மாதிரி ஒடுங்கிய இடத்தில், சாக்குநூலை மூன்று புரியாகப் பின்னிய ஒரு கயிறு தொங்கியது. கை பட்டுப் பட்டு அது கருத்து, பளபளவென்று பட்டுநூல் மாதிரி ஆகியிருந்தது.

மோகனசுந்தரம் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச வேண்டியதை எல்லாம் நாச்சம்மாள் பேசினாள். அவளுக்குத் தெரிந்த வியாபாரம் ஒன்றுதான். மிஷினை வலமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். விலாவில் ஒரு தட்டுத் தட்டினாள். குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள்.

“ஏனுங்க, கீழ என்னமோ ஒழுகியிருக்குதுங்களே. கழிச்சலா?”

“எண்ணெய்ம்மா. நேத்துத்தான் போட்டேன்.”

“எத்தனை கை மாறுச்சுங்க?”

“ரெண்டே கை. ஃபேக்டரி ஒண்ணு, நான் ஒண்ணு.”

“ஒதைக்குங்களா?”

செல்லத்துரை முதல்தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஒதைக்கும் தாயி. தகட்டக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்ட போட்டா, பிட்டு கவ்விச் சுத்தி அடிச்சிரும். வைஸ்ல இறுக்கிக் கட்டணும். கட்டிட்டா பரம சாது. இதுக்கு முன்ன எட்டுப் பேரு வந்து பாத்தான். வெல என்ன, எடை என்னன்னு கேட்டான். ஒதைக்குமான்னு ஒருத்தனும் கேக்கல.”

“எடையைக் கேக்கறவன் கறிக்குத்தானுங்க கேப்பான்” என்றாள் நாச்சம்மாள்.

விலை அந்த இடத்திலேயே படிந்துவிட்டது. மோகனசுந்தரம் அதற்குள் ஒரு வார்த்தை பேசியிருந்தாரென்றால், அது “ஆமாங்க” என்பதுதான்.

பெண்கள் உள்ளே போனபிறகு செல்லத்துரை சுவிட்சைப் போட்டுக் காட்டினார். பெரிய சத்தம் இல்லை. சாப்பிட்டுப் படுத்த மாடு அசைபோடுவது மாதிரி ஒரு முனகல். சாய்ப்பின் தகரம்கூட அதிரவில்லை. பிறகு அணைத்துவிட்டு, கயிற்றின் நுனியில் தொங்கிய சக்குச் சாவியைக் கையில் எடுத்தார். பிட்டை இறுக்கவும் கழற்றவும் உள்ள பல்சாவி.

“இதச் சக்குலயே மறந்து விட்டுட்டு சுவிச்சப் போட்டீகன்னா, பறந்து வந்து நெத்தியில அடிக்கும். அதுக்குத்தான் கயிறு. எப்பமும் கழுத்துல தொங்கணும். ஃபேக்டரியில நான் சேந்தன்னைக்குப் பின்னுன கயிறு சார் இது.” சாவியைப் போட்டு பிட்டைக் கழற்றி, தாளில் பொதிந்து கொடுத்தார். “பயணத்துல பிட்டு இருக்கக் கூடாது.”

உள்ளே மரவள்ளிக் கிழங்கும் காந்தாரிமிளகாய்ச் சம்மந்தித் துவையலும் பாலில்லாத கட்டன்சாயாவும் வைத்தார்கள். பாதி வீடு சாக்கில் கட்டியிருந்தது. தட்டு மூன்றுதான் வெளியே இருந்ததால் ரிஜின் இலையில் சாப்பிட்டான். செல்லத்துரை சாப்பிடவில்லை. கட்டன்சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்து ஆண்கள் ஆறு பேர் வந்து, மூங்கில் கழி கொடுத்து, மிஷினைப் படுத்தவைத்து வண்டியில் ஏற்றினார்கள். ரிஜின் முதுகைப் பிடித்துக்கொண்டு “பதுக்கெ, மெல்ல, பதுக்கெ” என்று சொல்லி அவர்களைவிட அதிகமாக வியர்த்தான். மோகனசுந்தரம் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் நாச்சம்மாள் வண்டியின் விளிம்பில் ஏறி மிஷினின் தலைமாட்டில் என்னமோ செய்வது தெரிந்தது. பிறகு இறங்கி, முத்துப்பேச்சியின் கையில் எதையோ வைத்து அந்தக் கையை மூடினாள். முத்துப்பேச்சி கையைத் திறந்து பார்க்கவில்லை. முகத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பெண்கள் விவகாரம், வெற்றிலைபாக்காக இருக்கும் என்று மோகனசுந்தரம் முடிச்சைப் போட்டார்.

மறையூர் தாண்டி செக்போஸ்டில் காவலர் தார்ப்பாயைத் தூக்கினார். அந்தப் பக்கத்தில் நீளமாக எதைப் போர்த்தி எடுத்துப்போனாலும் சந்தனமரம் என்றுதான் பார்ப்பார்கள்.

“எந்தா இது?”

“ட்ரில்லிங் மிஷினுங்க.”

“எந்தினா?”

“ஓட்டை போடங்க.”

“எவிட?”

 எவ்வளவோ கேள்விகளுக்குத் தயாராக வந்த மோகனசுந்தரம், எங்கே என்ற கேள்விக்குத் தயாராக வரவில்லை. ரிஜின் தலையை நீட்டி, “சாருக்கு தோணுந்நிடத்து” என்றான். காவலர் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் எலப்புள்ளியில் பங்காளிகள் நான்கு பேர் பிடித்து, மிஷினைக் கட்டுத்தரையில் நிறுத்தினார்கள். அடியில் போல்ட் இறுக்கி, கரண்ட் இழுத்து, எண்ணெய் விட்டு, பிட்டைத் தாளிலிருந்து எடுத்துச் சக்கில் வைத்து, சாவிக்குக் கையை நீட்டினார் மோகனசுந்தரம். கை சும்மா திரும்பி வந்தது. கழுத்தில் கயிறு இல்லை.

தார்ப்பாயை உதறினார். வண்டியைத் துழாவ ரிஜினுக்குப் போன் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பினால் நாச்சம்மாள் மாட்டுத் தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தாள்.

“தேடாதீங்க. நாந்தான் அவுத்துக் குடுத்தேன்.”

“எதை?”

“கயித்தை. அந்தக்கா கையில.”

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாட்டை வாங்குகிறவன் கழுத்துக்கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவர் வீட்டுப் பெண்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, தான் கொண்டுபோன கயிற்றைப் போட்டுத்தான் பிடித்துவர வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டுக் கட்டுத்தரையின் ராசியையும் சேர்த்து ஓட்டிவந்த பாவம்.

“அதுல சாவி தொங்குச்சே, நாச்சி!”

“சாவி என்ற கண்ணுல படலீங்க. கழுத்துல கயிறு கெடந்துது. கை தானா அவுத்துருச்சு. நான் என்ன பண்ணட்டும்?” அவளுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்து மூக்கு சிவந்துவிட்டது. “போங்க, நான் வேணும்னே பண்ணுனேன்னு சொல்லுவீங்க. கெடேரிக்காகப் பண்ணுனேன்னு.”

நியாயமாக அவர் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எழவு இரும்பு என்று சொன்னவள், அதன் கழுத்தில் கயிற்றைப் பார்த்திருக்கிறாள். மோகனசுந்தரம் தாடையைச் சொறிந்துகொண்டு, வெளியே வரப்பார்த்த சிரிப்பைக் கொட்டாவியாக மாற்றினார்.

செல்லத்துரைக்குப் போன் போட்டால் முதல் மணியிலேயே எடுத்தார்.

“தெரியும் சார். நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். கொரியர்ல போடலாம்னு எடுத்தா...” குரலைத் தாழ்த்தினார். “அவ ட்ரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டா. ‘எங்க அம்மா வீட்டுலயும் இதே வழக்கந்தான், மொற தெரிஞ்ச பொம்பள குடுத்துட்டுப் போனது, திருப்பி அனுப்பப்படாது’ங்கா. சாவிய மட்டும் உருவித் தாடீன்னேன். அழுதுட்டா. நாப்பது வருசத்துல இந்த லயத்துல இருந்து எடுத்துட்டுப் போறதுக்கு நமக்குன்னு இது ஒண்ணுதான்னு...”

நாச்சம்மாள் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். ‘கேக்காதீங்க, கேக்காதீங்க.’

“வேண்டாமுங்க, வெச்சுக்குங்க. நான் ஒண்ணு செஞ்சுக்கறேன்” என்றார் மோகனசுந்தரம்.

வாய் என்பது சில நேரம் ஆளைக் கேட்காமலே ஓடுகிற மிஷின். அடுத்த நாள் சக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாலக்காட்டில் மூன்று கடை ஏறினார். புதுச் சாவி எதுவும் அந்தச் சக்கின் பல்லில் உட்காரவில்லை. “இதொக்கெ இப்போ எவிட கிட்டான்?” என்று கடைக்காரர் சக்கை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். சாவி செய்யத்தான் வேண்டும். சாவி செய்ய ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட சாவி வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் மோகனசுந்தரம் இந்த மூன்றையும் விரலில் எண்ணிக்கொண்டு கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்தார்.

செல்லத்துரை மனைவியைக்கொண்டே பெட்டியைத் திறக்கவைத்து, சாவியை ஒரு தீக்குச்சியின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். ‘பல்லு பதினொண்ணு. நுனிமுளை மூணு தீக்குச்சி கனம். குறுக்குக் கம்பிக்கு ஓட்டை வேண்டாம், தலையைத் தட்டி மடிச்சிருங்க.’ ஒரு சிக்கு அவிழ்ந்தது. இனி, நல்ல உருட்டுக்கம்பி ஒன்று வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நாச்சம்மாள் கடப்பாரையோடு வந்தாள். ராசாத்தியைக் கட்டிய இரும்புமுளை கட்டுத்தரையின் மூலையில் இறங்கி நின்றது. சுற்றிலும் தோண்டி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி உருவி, அவர் முன்னால் போட்டாள்.

“இது ஆகுங்களா?”

“இதைப் புடுங்கிட்டா கெடேரியை எதுல கட்டுவே?”

“அதை வெள்ளிக்கெழமை பாத்துக்கலாம். கையில அரத்தை எடுங்க.”

நாலு நாள் ராவினார். கஞ்சிக்கோட்டில் நாளுக்கு எண்ணூறு மூடி பார்த்த கை, இங்கே நாளுக்கு மூன்று பல் பார்த்தது. அரத்தின் சத்தம் கேட்டு எதிர்வீட்டு நஞ்சப்பன் வந்து, “என்னுங்க மாமா, மாட்டுக் கொம்பு சீவற மாதிரி இருக்குது?” என்று கேட்டுவிட்டுப் போனான். வாடைக்காற்று தொடங்கியிருந்தது, பனையோலைகள் நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க, அதோடு அரமும் சேர்ந்து ராவ, அவருக்கு எது எந்தச் சத்தம் என்று பிரித்தறிய முடியாத ஒரு சொக்கல் வந்தது. இரும்புத்தூள் வேட்டியில் நட்சத்திரம் மாதிரி ஒட்டியது. நாச்சம்மாள் ராகிக்களியை உருட்டி ஊட்டிவிடாத குறையாகப் பக்கத்தில் வைத்தாள். ஒன்பதாவது பல்லைக் கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டார். “பரவால்லைங்க. ராசாத்திக்கும் ஒரு பல்லு வெழுந்துதான் கெடந்துது” என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவி சக்கில் உட்கார்ந்தது. திருக்கினால் முனகியது, பிறகு பிடித்தது. பிட்டு அசையாமல் நின்றது. நாச்சம்மாள் கெடேரிக்கு வாங்கிய புதுக்கயிற்றில் ஒரு முழம் அறுத்து, சாவியின் தலையில் முடிந்து, மறுநுனியை மிஷினின் கழுத்தில் கட்டினாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். போனை எடுத்துச் செல்லத்துரையைக் கூப்பிட்டு, சத்தமாகப் பேசுகிற பொத்தானை அமுக்கித் தொட்டித் திண்டில் வைத்தாள். அந்தப் பக்கம் எங்கோ பனியன் தைக்கிற மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன.

“திருப்பூர் வந்து சேந்துட்டோம் தாயி. கயித்த வாசக்கதவுக்குப் பக்கத்துல ஆணியில மாட்டிருக்கா. ம், போடச் சொல்லுங்க, கேப்போம்.”

மோகனசுந்தரம் ஒரு மாம்பலகையை வைஸில் இறுக்கினார். சுவிட்சைப் போட்டார். மிஷின் அசைபோட ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடித்தார். பலகையைப் பார்த்தார்.

பலகை பளிச்சென்று, மொட்டையாக, மஞ்சு இறங்கிய மலை மாதிரி இருந்தது. ஜிக் இல்லை. இந்தப் பக்கம் போடலாம். அந்தப் பக்கமும் போடலாம். இருபத்தாறு வருஷம் காத்திருந்த இடம் எங்கே வேண்டுமானாலும் இருந்தது. 

“என்ன சார், சத்தமே மாறலையே? பிட்டு எறங்கலையா?” என்றது போன்.

“எங்க போடறதுன்னு ரோசனை பண்ணிட்டு நிக்கறாருங்கண்ணா” என்றாள் நாச்சம்மாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கக்கத்தில் பீரோத்தலையில் கிடந்த சுவர்க்கடிகாரம். “சுவிச்சை நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினார். கடிகாரத்தைப் பலகையின் மேல் வைத்து, அதன் பின்பக்கக் கொக்கி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்து, விரலில் மிச்சமிருந்த குங்குமத்தால் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

“இங்க போடுங்க. பலகையைத் தூண்ல அடிச்சு, கடியாரத்தை இங்கயே மாட்டிறலாம். மணி பாத்துச் சோத்துக்கு வருவீங்க.”

கடைசியில் இங்கேயும் இடம் காட்ட ஆள் வேண்டியிருந்தது என்பதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. சுவிட்சைப் போட்டு, கைப்பிடியை இழுத்தார். பிட்டு பொட்டின் நடுவில் இறங்கியது. மாஞ்சிராய் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, இஞ்சியும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழுந்தது. அடியில் பொத்தென்று விடுபட்டது. பழக்கதோஷத்தில் அவர் கை பலகையை நகர்த்தி இரண்டாவதற்குப் போயிற்று.

“ஒண்ணு போதுமுங்க” என்றாள் நாச்சம்மாள்.

“ஒண்ணேதானா?”

“ஒண்ணேதான்.”

கைப்பிடியை விட்டார். பலகையை அவிழ்த்துத் தூக்கிப் பிடித்தார். ஓட்டுச்சந்தில் இறங்கிய வெயில் அந்த ஓட்டையில் புகுந்து, முளை பிடுங்கிய குழியின் பக்கத்தில் நின்ற நாச்சம்மாளின் பாதத்தில் நாலணா அளவுக்கு விழுந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.

“சார், விழுந்துருச்சா?” என்றது போன்.

“விழுந்துருச்சுங்க” என்றார் மோகனசுந்தரம்.

 செல்லத்துரை வாயை போனிலிருந்து விலக்கி, முத்துப்பேச்சியிடம் சொல்வது காதில் விழுந்தது.

“ஏளா, ஒம் மாடு கறவைக்கு வந்துருச்சு.”